‘எல்லாத்தையும் இன்சூரன்ஸ்லயே போட்டுடலாம் சார்’: பெங்களூர் பாடி ஷாப் பேக்கேஜ், ஒரு விமர்சனம்

ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளி பக்கம் போனாலும் சரி, வில்சன் கார்டன் சந்துகளில் நுழைந்தாலும் சரி, டிங்கரிங்-பெயின்டிங் போர்டு தொங்கும் பல கடைகளில் முதல் கேள்வி ஒன்றுதான்: “ஜீரோ டெப் இருக்கா சார்?” மாற்றும் பாகத்தின் விலையில் தேய்மானம் கழிக்காமல் தரும் இன்சூரன்ஸ் ஆட்-ஆன் அது. இருக்கிறது என்றதும் கடைக்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். “முன் பம்பர் மட்டும் எதுக்கு? சைடுல இருக்கற கோடு, பின்னாடி டென்ட், எல்லாத்தையும் இன்சூரன்ஸ்லயே போட்டுடலாம். நீங்க ஃபைல் சார்ஜ் மட்டும் கொடுங்க.” நம்ம ஊர்த் தமிழில் சொல்வதால் பாதி சந்தேகம் அங்கேயே கரைந்துவிடுகிறது.

இந்த விமர்சனம் அந்தப் பேக்கேஜைப் பற்றியது. எந்த ஒரு கடையையும் குறிவைத்தது அல்ல. அதே தெருவில், அடிபட்டதை மட்டும் எழுதி அடிபட்டதை மட்டும் சரிசெய்து கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன.

முதலில் ‘ஃபைல் சார்ஜ்’. இப்படி ஒரு கட்டணம் பாலிசியில் கிடையாது. ஒவ்வொரு கிளெய்முக்கும் உரிமையாளர் ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவுக்குக் கடைக்காரர்கள் வைத்த செல்லப் பெயர் அது. 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். “அதையும் நாங்களே பாத்துக்கறோம்” என்று ஒரு கடை சொன்னால், அந்த ஆயிரம் பில்லில் வேறு எங்கோ ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

வேலைத் தரத்தைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கடைகளின் டிங்கரிங் கை பல ஷோரூம்களை விடத் தேர்ந்த கை. கதவைக் கழற்றாமலே உள்பக்கமிருந்து நெம்பி, பட்டி குறைவாகப் போட்டு வளைவைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். பெயின்டில்தான் வித்தியாசம் தெரியும். பூத், அதாவது பெயின்ட் அடிப்பதற்கென்றே மூடிய அறை, உள்ள கடையில் பேஸ் கோட், கிளியர் கோட் அடித்து சுமார் 60 டிகிரியில் அரைமணி நேரம் வேகவைப்பார்கள். பூத் இல்லாத கடையில் ஷட்டரை இறக்கிவிட்டு அடிப்பார்கள். ஓசூர் ரோட்டுத் தூசி கிளியர் கோட்டில் புள்ளி புள்ளியாக உட்காரும், கண்ணாடி ரப்பரில் பெயின்ட் படிந்திருக்கும். எட்டுப் பேனலை நாலு நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னால், பட்டி முழுசாகக் காயாமலே மேலே பெயின்ட் ஏறும். ஆறு மாதத்தில் அந்த இடம் சுருங்கி வரைபடம் போலத் தெரியும்.

பிரச்சினை பெயின்டில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. கிளெய்ம் படிவத்தில் கடைக்காரர் பெயர் எங்குமே வராது. ‘விபத்து எப்படி நடந்தது’ என்ற கட்டத்தை அவர் நிரப்புவார். கீழே கையெழுத்து உங்களுடையது. “தவறான தகவல் தந்திருந்தால் இழப்பீடு கோரும் உரிமையை இழப்பேன்” என்ற உறுதிமொழியும் அந்தக் கையெழுத்துக்கு மேலேதான் இருக்கிறது. பேக்கேஜில் உண்மையில் விற்கப்படும் சரக்கு அந்தக் கையெழுத்து.

அந்தக் கட்டத்தில் வழக்கமாக ஏறும் கதை, “நாய் குறுக்கே வந்தது, தவிர்க்கப்போய் சுவரில் உரசியது.” சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் இந்த நாயை ஆயிரம் தடவை சந்தித்திருப்பார். அவர் கதையைப் படிப்பதற்கு முன் காரைப் படிக்கிறார். ஒரே சுவர் உரசலில் முன் இடது மூலையும் பின் வலது மூலையும் அடிபடாது. அப்படி இருந்தால் அது இரண்டு விபத்து, இரண்டு கிளெய்ம், இரண்டு கழிவு. கோடு எந்தத் திசையில் இழுத்திருக்கிறது என்று பார்ப்பார்: முன்னோக்கிப் போன கார் உரசினால் கோடு முன்னிருந்து பின்னாக இழுபடும், ரிவர்ஸில் உரசியது நேர்மாறாக இருக்கும். தரையிலிருந்து உயரம் அளப்பார். கோட்டுக்குள் ஒட்டியிருக்கும் வேற்றுப் பெயின்ட்டை உற்றுப் பார்ப்பார். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் தூண்களில் அடிக்கும் மஞ்சள்-கறுப்புப் பட்டையின் மஞ்சள் கதவில் ஒட்டியிருக்க, படிவத்தில் ‘காம்பவுண்டுச் சுவர்’ என்றிருந்தால் அந்தக் கிளெய்ம் அங்கேயே தடுமாறும்.

வயதும் தெரிந்துவிடும். தகடு வெளியே தெரிகிற ஆழமான கோட்டில் சில நாளிலேயே பழுப்புத் துரு எட்டிப் பார்க்கும். பழைய கோட்டின் ஓரங்களில் மெழுகும் தூசியும் அடைந்திருக்கும். நேற்றைய கோட்டில் பெயின்ட் தூள் இன்னும் உதிரும். பிறகு அந்தச் சின்ன மீட்டர். கம்பெனிப் பெயின்டின் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். ஒருமுறை பட்டி வாங்கிய பேனலில் வைத்தால் 400, 700 என்று ஏறும். பழைய ஒட்டுவேலையைப் புது விபத்தில் சேர்த்திருந்தால் அந்த எண்ணே சொல்லிவிடும். கோட்டைப் ‘புதுசாக்க’ உப்புத்தாள் தேய்க்கிற கடையும் உண்டு. உப்புத்தாள் தேய்ப்பில் ஒரே ஆழத்தில் இணைகோடுகள் ஓடும், சுவர் அப்படி உரசாது.

மழைக்காலத்தில் இதற்கு இன்னொரு வடிவம். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடும் யமலூரும் மூழ்கியபோது பலருக்கு ஒரு விஷயம் புரிந்தது: தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரணப் பாலிசி அதை ஏற்காது, இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் வேண்டும். ஆட்-ஆன் இல்லாதவருக்குக் கடை தரும் யோசனை, “ஆயில் சம்ப் கல்லுல அடிபட்டு ஆயில் ஒழுகிடுச்சுன்னு எழுதலாம்.” இன்ஜினைத் திறந்தால் கதை முடிந்தது. ஆயில் இல்லாமல் ஓடிய இன்ஜினில் பேரிங் உருகி கிராங்க் இறுகியிருக்கும். தண்ணீர் குடித்த இன்ஜினில் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும், ஏர் ஃபில்டர் காகிதத்தில் சேற்றுக்கோடு இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளும் சர்வேயர் கிடையாது.

இந்தப் பேக்கேஜில் எனக்கு மிகவும் கெட்டதாகப் படும் பகுதி பெயின்ட்டே அல்ல. புதுப் பாகம் என்று பில் போட்டுவிட்டு மாற்றாமல் விடுவது. ஹெட்லைட்டின் உடைந்த காதை பிளாஸ்டிக் வெல்டிங்கில் ஒட்டிவிட்டு முழு லைட்டுக்குப் பில். பம்பருக்குப் பின்னால் இருக்க வேண்டிய தெர்மோகோல் போன்ற மெத்தைப் பாகத்துக்குப் பில், உள்ளே வெற்றிடம். இவற்றில் கொடியது ஏர்பேக். வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல், அதன் கனெக்டரில் சுமார் 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகிவிட்டால் கன்ட்ரோல் யூனிட் ஏர்பேக் இருப்பதாகவே நம்பும். இக்னிஷன் போட்டதும் டாஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கைக்கான எஸ்.ஆர்.எஸ் விளக்கு வழக்கம்போல் எரிந்து சில நொடியில் அணையும். விளக்கு அணைந்தது என்பது சாட்சி இல்லை. ஸ்டியரிங் மூடியைத் திறந்து, புதிய யூனிட்டின் ஸ்டிக்கரில் உள்ள பாக எண்ணை பில்லோடு ஒப்பிட்டால்தான் தெரியும். சில ரூபாய் விலையுள்ள ஒரு ரெசிஸ்டர், அடுத்த மோதலில் உங்கள் முகத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே. கடைக்காரர் ஏய்த்தது கம்பெனியை மட்டும் என்று நினைத்துச் சிரித்தவர்களுக்கு இது தெரிவதில்லை.

சரி, மாட்டவே மாட்டோம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். நாலு வருடம் கிளெய்மே போடாத ஒரு 1200 சிசி ஹேட்ச்பேக். கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான என்.சி.பி இப்போது 45 சதவீதம், அடுத்த ரினியூவலில் 50. இந்தத் தள்ளுபடிக்கு முன் ஓன் டேமேஜ், அதாவது சொந்தக் காரின் சேதத்துக்கான, பிரீமியம் 9,000 ரூபாய் என்று கொள்வோம். கிளெய்ம் போடாவிட்டால் இனி வருடம் 4,500. போட்டால் அடுத்த வருடம் முழு 9,000, பிறகு 20, 25, 35, 45 சதவீதத் தள்ளுபடியோடு 7,200, 6,750, 5,850, 4,950. ஐந்து வருடத்தில் கூடுதலாகக் கட்டுவது 11,250. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி 2,025. ஃபைல் சார்ஜ் 1,000. ஆக 14,275 ரூபாய். ‘ஃப்ரீ’ பெயின்ட்டின் விலை அது. அதே கடையில் மோசமான இரண்டு மூன்று பேனலை மட்டும் ரொக்கத்துக்கு அடித்தால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், பல சமயம் இதற்குள் முடிந்துவிடும். இது நேர்மையான கிளெய்முக்கும் பொருந்தும் கணக்குதான். சின்ன அடிக்குக் கிளெய்ம் போடாமலிருப்பதே லாபம்.

ஜீரோ டெப் இல்லாதவரிடம் பேக்கேஜ் வேறு வேஷம் போடும். நாலு வருடம் தாண்டிய காரில் உலோகப் பாகத்துக்கு 35 சதவீதம், பிளாஸ்டிக், ரப்பருக்கு 50 சதவீதம், பெயின்ட் பொருள் செலவில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். அந்தப் பங்கு உரிமையாளர் கையிலிருந்து போக வேண்டும். “நீங்க ஒண்ணும் கட்ட வேணாம்” என்றால், மொத்த எஸ்டிமேட்டையே ஊதிப் பெருக்கி உங்கள் பங்கை அதற்குள் ஒளித்திருக்கிறார்கள்.

மாட்டினால் என்ன ஆகும்? பெரும்பாலும் முதலில் சத்தமில்லாமல் நடக்கும்: சர்வேயர் அந்த வரிகளை அடித்துவிட்டு மீதிக்கு அனுமதி தருவார். பலருக்கு இதுதான் தைரியம் கொடுக்கிறது. ஆனால் அவர் ‘சந்தேகம்’ என்று எழுதினால் ஃபைல் விசாரணைக்காரரிடம் போகும். அப்போது அடிபட்ட உண்மையான பம்பருக்கும் சேர்த்து மொத்தக் கிளெய்மும் நிராகரிக்கப்படலாம். கார் அதற்குள் பிரிக்கப்பட்டு பம்பர் ஒரு மூலையில், லைட் ஒரு மூலையில் கிடக்கும். கழற்றிய கூலி, மாட்டும் கூலி, நிறுத்திவைத்த வாடகை எல்லாம் உங்கள் தலையில். “இன்சூரன்ஸ் ரிஜெக்ட் பண்ணா நாங்க என்ன சார் பண்றது?” என்பது இந்தக் கட்டத்தில் வரும் வசனம்.

மோசடி உறுதியானால் 7 நாள் நோட்டீஸில் பாலிசியையே ரத்து செய்யலாம். ஓன் டேமேஜும், அடுத்தவருக்கு நேரும் நஷ்டத்துக்கான தேர்டு பார்ட்டியும் சேர்ந்த பாலிசி என்றால் இரண்டும் போகும். தேர்டு பார்ட்டி இல்லாமல் ஓட்டினால் முதல்முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அதைவிடப் பெரிது, அந்த இடைவெளியில் யாரையாவது இடித்தால் நஷ்டஈடு முழுக்க உங்கள் சொத்திலிருந்து. எல்லாக் கம்பெனிகளின் மோட்டார் பாலிசி, கிளெய்ம் விவரங்களும் ஹைதராபாத்தில் உள்ள இன்சூரன்ஸ் தகவல் அமைப்பான ஐ.ஐ.பி-யிடம் சேர்கின்றன. கம்பெனி மாறினால் பழையது மறந்துபோகும் என்ற காலம் போய்விட்டது.

அடுத்தது போலீஸ். நம் நாட்டில் இன்சூரன்ஸ் மோசடிக்கென்று தனிச் சட்டப் பிரிவு இல்லை என்பதைச் சிலர் சலுகையாக எடுத்துக்கொள்கிறார்கள். பொதுப் பிரிவுகளே போதும். 2024 ஜூலை 1-லிருந்து அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4), பழைய 420-க்குச் சமம், 7 வருடம் வரை. ஏமாற்றுவதற்காகப் பொய் பில் தயாரித்தால் 336(3), அதுவும் 7 வருடம் வரை. அதை உண்மையானதாகக் கொடுத்தால் 340(2). கடைக்காரரும் நீங்களும் சேர்ந்து செய்தால் கூட்டுச் சதிக்கு 61. பணம் கைக்கு வரவில்லை, ஆகவே குற்றமில்லை என்றும் சொல்ல முடியாது, முயற்சிக்குத் தனியாக 62 இருக்கிறது. ஒரு பம்பருக்காக எல்லாக் கம்பெனியும் ஸ்டேஷனுக்கு ஓடாது, உண்மை. ஆனால் அதே கடையிலிருந்து வந்த பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிப் புகார் கொடுக்கும்போது, அந்தக் கட்டில் உங்கள் ஃபைலும் இருக்கும்.

பேக்கேஜ் விற்பவர்கள் இலவச இணைப்பாகத் தரும் மற்ற யோசனைகள் இன்னும் ஆபத்தானவை. ‘டிரைவர் பேரை மாத்திடலாம்’ என்பது அவற்றில் முதல். லைசென்ஸ் இல்லாத தம்பி ஓட்டினான், அண்ணன் பெயரை எழுதலாம் என்பார்கள். ஆள் யாருக்காவது அடிபட்டு வழக்கு விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் அது வெறும் படிவப் பொய் அல்ல, நீதிமன்றத்தில் சொன்ன பொய்ச் சாட்சியம். சிக்னல் கேமராவும் செல்போன் டவரும் அண்ணன் அப்போது மைசூரில் இருந்தார் என்று காட்டும்.

‘என்.சி.பி இருக்குன்னு டிக் பண்ணுங்க’ என்பது ஆன்லைன் ரினியூவலில் நடக்கும் சின்னப் பொய். பழைய கம்பெனியிடம் கேட்டுச் சரிபார்க்கும் ஏற்பாடு மோட்டார் இன்சூரன்ஸுக்கான விதித் தொகுப்பான மோட்டார் டாரிஃபின் 27-ஆவது பொது விதியிலேயே இருக்கிறது. அறிவிப்பு பொய்யானால் ஓன் டேமேஜ் பலன் முழுவதும் பறிபோகும் என்ற வாசகத்துக்கு நீங்கள் சம்மதித்திருப்பீர்கள். சில ஆயிரம் மிச்சப்படுத்தப்போய் லட்ச ரூபாய் கிளெய்மை இழப்பது இப்படித்தான்.

‘காரைத் தொலைச்சிடலாம்’ என்பது கடன் கட்ட முடியாதவர்களிடம் சொல்லப்படுவது. திருட்டுக் கிளெய்முக்கு எஃப்.ஐ.ஆர், இரண்டு ஒரிஜினல் சாவி, கர்நாடகப் போலீஸின் ‘சி ரிப்போர்ட்’, அதாவது கண்டுபிடிக்க முடியவில்லை என்ற அறிக்கை, எல்லாம் வேண்டும். சாவியை ஆய்வுக்கு அனுப்புவார்கள், டூப்ளிகேட் எடுத்த சாவியில் தடம் இருக்கும். ‘திருடு போன’ பிறகு அத்திப்பள்ளி டோலில் ஃபாஸ்டாக் விழுந்திருந்தால் அது ஸ்டேட்மென்டில் நிமிடத்தோடு இருக்கும். புகாரே பொய் என்று ‘பி ரிப்போர்ட்’ வந்தால், பொது ஊழியருக்குப் பொய்த் தகவல் தந்ததற்கு 217-ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை. கிளெய்ம் போனாலும் பேங்க் இ.எம்.ஐ நிற்காது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஒயிட் போர்டு காரை வாடகைக்கு ஓட்டி அடிபட்டால், அதை மறைக்கத்தான் எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். ஆனால் 2010-ல் அமலேந்து சாகூ வழக்கில் உச்ச நீதிமன்றம், வாடகைக்கு ஓடிய சொந்தக் காரின் கிளெய்மை அடியோடு மறுக்கக் கூடாது, ‘நான்-ஸ்டாண்டர்டு’ முறையில் ஒரு பகுதியாவது தர வேண்டும் என்றது. விதி மீறலை ஒப்புக்கொண்டவருக்கு வாதாட ஒரு வழி இருக்கிறது. பொய் சொல்லி மாட்டியவருக்கு அந்த வழியும் அடைபடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கடைக்கே போகலாமா? தாராளமாக, பேக்கேஜை விட்டுவிட்டு. ‘விபத்து எப்படி’ கட்டத்தை உங்கள் கையால் நிரப்புங்கள், வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். காரைக் கொடுக்கும் முன் நாலு பக்கமும் பழைய கோடுகளோடு வீடியோ எடுத்து வையுங்கள். சர்வேயருக்குப் போகும் எஸ்டிமேட்டின் நகலை அன்றே வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். பழைய கோட்டை அடிக்க வேண்டுமானால் அதைத் தனி ரொக்க பில்லாகப் போடச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் பூத்தில் ஏறுவதால் விலை குறைத்துத் தருவார்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது உறுத்துகிறதா? பணம் பட்டுவாடா ஆவதற்குள் கம்பெனிக்கு மெயில் எழுதி, இந்தப் பாகங்கள் இந்த விபத்தில் சேராதவை என்று சொல்லி அந்த வரிகளையோ மொத்தக் கிளெய்மையோ வாபஸ் வாங்கலாம். பணம் தராமல் மூடப்பட்ட கிளெய்முக்குப் பொதுவாக என்.சி.பி போகாது.

உண்மையான கிளெய்மையே ‘மோசடி’ என்று மறுத்தார்கள் என்றால் கதை வேறு. முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவு, பிறகு ஜே.பி. நகர் 24-ஆவது மெயின் ரோடு ஜீவன் சௌதாவில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மேலே சொன்ன வீடியோவும் எஸ்டிமேட் நகலும் அங்கே கைகொடுக்கும்.

மதிப்பெண் கேட்டால்: டிங்கரிங்குக்கு ஐந்தில் நாலு, பெயின்ட்டுக்கு பூத் இருந்தால் மூன்றரை, பேக்கேஜுக்குப் பூஜ்யம். டெலிவரி எடுக்கும்போது பில்லில் ‘புதுக் கதவு’ என்றிருந்தால் கதவைத் திறந்து கீல் போல்ட்டுகளைப் பாருங்கள். உண்மையிலேயே மாற்றியிருந்தால் போல்ட் தலையில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கும். கம்பெனிப் பெயின்ட் உடையாமல் அப்படியே மூடியிருந்தால், அந்தக் கதவு காரை விட்டு இறங்கவே இல்லை.